கட்டிங் டேபிளில் நடந்த கண்டப்பெயர்ச்சி

திருப்பூரில் எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம், ஷிப்மென்ட்டைத் தவிர. காதுகுத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். கிரகப்பிரவேசத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். என் சித்தப்பா ஒருவர் மூட்டு ஆபரேஷனையே தள்ளிப்போட்டு, நொண்டிக்கொண்டே ஒரு கண்டெய்னரை ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். இந்த ஊரில் பஞ்சாங்கத்தைவிட, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மரியாதை அதிகம். ராகு காலத்தில் பையரிடமிருந்து போன் வந்தால் அது ராகு காலமே இல்லை.

அப்படிப்பட்ட ஊரில், பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரே மகளாகப் பிறந்துவிட்டு, நான் போய் நிலவியல் படித்தேன். (டெக்ஸ்டைல் படித்திருக்கலாம். ஃபேஷன் படித்திருக்கலாம். ஒன்றும் படிக்காமல் கணக்கு வழக்கு பார்த்திருந்தால்கூட ஊர் மெச்சியிருக்கும்.) நிலவியல் என்றதும் அப்பா முதலில் சந்தோஷப்பட்டார். சைட் வாங்கி விற்கிற படிப்பு என்று நினைத்துவிட்டார். விஷயம் வேறு என்று தெரிந்ததும், "செரி, போர் போடறதுக்காவது ஆகும்" என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் தோட்டத்தில் போர்வெல் போட்டாலும் எனக்கு அழைப்பு வந்தது. வெளிநாட்டில் படித்து வந்த டாக்டரைக் கூப்பிடுவது போல மரியாதையாகக் கார் அனுப்புவார்கள். நான் இறங்கியதும், "அம்முணி, பாயிண்ட் எங்கன்னு பாத்துச் சொல்லு" என்பார்கள். ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பெரியப்பா தோட்டத்தில், மாட்டுக் கொட்டாய்க்கு முன்னால் நின்று பொறுமையாக விளக்கினேன். நான் படிப்பது தண்ணீரைப் பற்றி இல்லை, கண்டங்களை நகர்த்துகிற விசைகளைப் பற்றி. அதெல்லாம் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பது என்றேன். பெரியப்பா கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்தார். பிறகு வருத்தத்தோடு, "அத்தனை ஆழத்துக்கு ரிக்கு வராது கண்ணு" என்றார்.

எம்.எஸ்ஸி முடித்த கையோடு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அதுதான் எனக்கு வேண்டியது. அது ஒன்றுதான் வேண்டியது. வீட்டில் சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன், மாடியில் போய் உட்கார்ந்து அழுதேன். கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார். கல்யாணம் முதலில், மாப்பிள்ளை வீட்டில் சம்மதித்தால் படிப்பு. ஆர்டர் எடுப்பதற்கு முன்னால் அப்ரூவல் வாங்குவது போல அவருக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

வந்த வரன்கள் எல்லாம் ஒரே தினுசு. "பொண்ணு இன்னும் படிக்கோணும்ங்குதா? எதுக்குங்க?" என்று ஆரம்பித்து, "நம்ம யூனிட்டையே பாத்துக்கலாமே" என்று முடிப்பார்கள். அப்போதுதான் வேலம்பாளையத்திலிருந்து மோகன் வீட்டு ஜாதகம் வந்தது. துணி பின்னும் நிட்டிங்கும் சாயம் போடும் டையிங்கும் வைத்திருக்கும் குடும்பம். ஜாதகம் கொண்டுவந்த தரகர் ஒரு ஆச்சரியத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் அம்மா அவரிடம், "பொண்ணு என்னமோ படிக்கோணும்னு சொல்லுதாமே, அது என்ன படிப்புங்க?" என்று கேட்டாராம். எதற்கு என்று கேட்கவில்லை. என்ன என்று கேட்டிருக்கிறார்! அந்த ஒரு சொல்லுக்காகவே நான் மாப்பிள்ளையின் போட்டோவைச் சரியாகப் பார்க்காமல் சம்மதம் சொல்லிவிட்டேன். (பிறகு பார்த்தேன். மோசமில்லை.)

பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம் குறித்தார்கள். அங்கேதான் முட்டிக்கொண்டது. புதன்கிழமை எங்கள் ஷிப்மென்ட் லாரி ஏற வேண்டும். துணி வந்து சேர்வதே சனிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை அப்பா கம்பெனியை விட்டு நகர்ந்தால் பூமியே நின்றுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

"அப்ப நல்ல நேரத்தைத் தள்ளி வெக்கச் சொல்லலாமுங்க" என்றார் அம்மா.

"வளர்பிறைல இத உட்டா அடுத்த மாசந்தான். அடுத்த மாசம் வேற ஷிப்மென்ட்டு" என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்பெனிக்கே வரச் சொல்லிரலாம். அவிகளும் இதே தொழில்தான, தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றார்.

அம்மா பாத்திரங்களைத் தரையில் ஓங்கி வைத்தார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் நிஜமாகவே தப்பாக நினைக்கவில்லை. "ஷிப்மென்ட்டுன்னா செரிங்க" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார்கள். ஆக, அயர்ன் டேபிளில் புடவையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு, நீராவியும் பஞ்சுத்தூசும் சூழ, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மணப்பெண்ணாக நின்றவள் இந்தப் பூமியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூக்குத்தியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அம்மா இரண்டு தடவை தட்டிவிட்டார்.

இங்கே அந்தக் கட்டிங் டேபிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு மேசை. மேலே வழுவழு சன்மைக்கா. அதன் மேல் அன்றைக்கு வெள்ளைத் துணியைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகத் தளர்த்திப் போட்டிருந்தார்கள். நிட்டிங் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றி வரும். வந்த வேகத்தில் வெட்டினால் தைத்த பிறகு சட்டை சுருங்கி, பெரியவருக்குத் தைத்தது பிள்ளைக்குத்தான் ஆகும். அதனால் வெட்டுவதற்கு முன் அதைப் பிரித்துப் போட்டு ஆற விட வேண்டும். அது ஆறுகிற வரை யாரும் தொடக் கூடாது. அன்றைக்கு ஆறிக்கொண்டிருந்தது விஸ்கோஸ் லைக்ரா. நல்ல கனம், கையில் எடுத்தால் மீன் போல வழுக்கும். இந்த இரண்டு குணங்களையும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துபோனேன்.

பலகாரம் வைக்க இடம் இல்லை. மற்ற மேசைகளில் எல்லாம் தையல் மெஷின். செக்கிங் டேபிளில் பெட்டிகள். அம்மா கட்டிங் டேபிளைப் பார்த்தார். கட்டிங் மாஸ்டர் ஜாபர் அண்ணன் அம்மாவைப் பார்த்தார். இவர் என்னைச் சின்ன வயதிலிருந்து பாப்பா என்று கூப்பிடுகிறவர். அந்தத் துணியை அதைவிடப் பாசமாகப் பார்த்துக்கொள்பவர்.

"அக்கா, அது ஷிப்மென்ட் துணிங்கக்கா" என்றார்.

"பொண்ணு கல்யாணத்தவிடவா?" என்றார் அம்மா.

அண்ணன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். (அவருக்கே விடை தெரியவில்லை என்று நினைக்கிறேன்.) அம்மா துணியின் ஒரு பாதி மேல் பாலித்தீன் ஷீட்டை விரித்து, அதன் மேல் ஒரு ஜமுக்காளத்தைப் போட்டு, தாம்பாளங்களை வரிசையாக வைத்தார். வெற்றிலை பாக்கு, பூ, பழம், ஊத்துக்குளி நெய்யில் செய்த மைசூர்பாகு, ஜாங்கிரி, குங்குமச் சிமிழ், பெரிய எவர்சில்வர் தூக்கில் காபி. பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது.

எனக்கு அம்மா கொடுத்திருந்த கட்டளை சுருக்கமானது. "என்ன படிச்சேன்னு கேட்டா, பூமியப் பத்திப் படிச்சேனுங்கன்னு ஒத்த வரியில சொல்லு. கேட்டா மட்டும். மத்தபடி வாய மூடிட்டுப் பொட்டாட்ட இரு."

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர்தான் வந்தார்கள். முதலில் உள்ளே வந்த மோகனின் அப்பா என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போய், துணியின் முனையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நல்ல துணிங்க" என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெண் பார்க்கும் சடங்கில் பாதி அப்போதே முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மோகன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு ஓவர்லாக் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா மட்டும்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன படிச்சிருக்கற கண்ணு?"

"பூமியப் பத்திப் படிச்சேனுங்க" என்றேன். ஒற்றை வரி. தூரத்தில் அம்மா தலையசைத்தார்.

"அது தெரியும். பூமியில என்னன்னு?"

இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் அதுவரை யாரும் இத்தனை ஆசையாகக் கேட்டதில்லை. என் பேராசிரியர்கள்கூட அட்டென்டன்ஸ் எடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். அம்மா கொடுத்த கட்டளை எனக்குள்ளே எங்கேயோ கழன்று விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

"நாம நிக்கற நிலம் நகருதுங்க. பூமியோட மேல்தோல் பெரிய பெரிய தட்டுகளா ஒடஞ்சு கெடக்குது. ஒவ்வொண்ணும் நகம் வளர்ற வேகத்துல போயிட்டே இருக்குது. அத எது நகத்துதுங்கறதுதான் படிப்பு."

"எது நகத்துது?"

"உள்ள இருக்கற சூடுங்க. ரசம் கொதிக்கறப்ப அடியில சூடானது மேல வந்து, ஆறிட்டு மறுபடி கீழ போகுமில்லீங்களா? பூமிக்குள்ள பாறையே அப்படிச் சுத்துது. திடமான பாறைதான், ஆனா கோடிக்கணக்கான வருசத்துல பாத்தா பாகு மாதிரி ஓடும். மேன்டில்னு பேரு."

"ஓ, அந்த ரசந்தான் மேல இருக்கறதத் தள்ளிட்டுப் போகுதாக்கும்."

இங்கே நான் "ஆமாங்க" என்று சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். கீழே அம்புக்குறி சுற்றும், மேலே தட்டு சவாரி போகும். ஆமாங்க என்றிருந்தால் ஜாங்கிரி சாப்பிட்டிருப்பார்கள், காபி குடித்திருப்பார்கள், நல்லபடியாக எழுந்து போயிருப்பார்கள். ஆனால் அரைகுறை உண்மையைக் கேட்டால் எனக்கு அரிப்பு எடுக்கும். அது ஒரு வியாதி.

"அப்படியில்லீங்க!" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. மோகன் ஓவர்லாக் மெஷினிலிருந்து கண்ணை எடுத்தார். "கீழ இருந்து தள்றது கொஞ்சந்தான். கடலுக்கடியில மேடாப் பொளந்து புதுத் தரை உண்டாகுமுங்க, அந்த மேட்டுல இருந்து சரியறதால ஒரு தள்ளு உண்டு. அதுவும் கொஞ்சந்தான். பெரிய விசை இன்னொரு முனையில இருக்குது. பழைய கடல்தரை ஆறி ஆறிக் கனமாயிடும். கனமானது ஓரத்துல மடங்கிக் கீழ அமிழும். அமிழற அந்த ஓரம், பின்னாடி இருக்கற மொத்தத் தட்டையும் இழுக்கும்!"

அவர் நெற்றியைச் சுருக்கினார். "பின்னால யாரும் தள்ளாம, ஓரம் மட்டும் எப்படிக் கண்ணு அத்தனையும் இழுக்கும்?"

நல்ல கேள்வி. செய்து காட்ட வேண்டிய கேள்வி. நான் எழுந்தேன். அம்மா கண்ணால் செய்த ஜாடை எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அது ஊக்கப்படுத்துவதாகவே பட்டது.

மேசையின் கடைசியில், சற்று முன் மோகனின் அப்பா தொட்டுப் பார்த்த துணி முனை கிடந்தது. அதை எடுத்து மேசை ஓரத்துக்கு வெளியே ஒரு முழம் தொங்கவிட்டேன்.

"பாருங்க, இதுதான் அமிழற ஓரம். இப்ப நகரலை. ஏன்? கனம் பத்தலை."

இன்னொரு முழம் இழுத்துத் தொங்கவிட்டேன்.

"பாப்பா..." என்றார் ஜாபர் அண்ணன், மேசையின் மறுமுனையிலிருந்து.

"ஒரு நிமிசங்கண்ணா. இப்பவும் நகரலை. உராய்வு புடிச்சு வெச்சிருக்குது."

மோகனின் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். "அப்ப நம்ம நாடும் இப்படித்தான் வந்துச்சா?"

"ஆமாங்க. தெற்க ரொம்ப தூரத்துல இருந்து வந்து, அக்கட்ட ஆசியாவுல முட்டுச்சு. முட்டுனதுலதான் இமயமலை எந்திரிச்சுது." சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு மூன்று முழம் கீழே விட்டேன். துணி தரையைத் தொட ஆரம்பித்தது.

"முட்டி நின்னுருச்சா?"

"இல்லீங்க, இன்னும் வடக்கதான் போயிட்டிருக்குது."

"முட்டுன பொறவும் எதுக்குப் போகுது? இப்ப இழுக்கறது யாரு?"

அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறந்தபோதுதான் துணி நகர்ந்தது.

முதலில் மிக மெதுவாக. நிஜமாகவே நகம் வளர்வது போலத்தான். ஒரு மடிப்பு விரிந்து ஓரத்தைத் தாண்டியது. அதன் கனத்தில் அடுத்த மடிப்பு. அதன் கனத்தில் இன்னொன்று. நான் கையை எடுத்துவிட்டிருந்தேன். யாருமே தொடவில்லை. மேசை முழுக்கப் பரவியிருந்த அத்தனை வெள்ளையும் தானாகவே தெற்கு நோக்கிப் புறப்பட்டது. இத்தனை அழகான செய்முறையை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் பார்த்ததில்லை. அந்தக் கணத்தில் நான் செய்ததைத்தான் இன்றுவரை எங்கள் குடும்பத்தில் நடித்துக் காட்டுகிறார்கள். இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, குதித்து, "பாருங்க! பாருங்க! யாருமே தள்ளலை பாருங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் பார்த்தார்கள். ஜமுக்காளம் ஒரு கண்டத்தைப் போலக் கம்பீரமாக நகர்ந்து வந்தது. வெற்றிலைத் தாம்பாளம் முன்னால், பழம் அதற்குப் பின்னால், காபித் தூக்கு நடுவில். எதுவும் சாயவில்லை, எதுவும் ஆடவில்லை. நான் அதையும் விளக்கினேன். "மேல இருக்கற மலை, நாடு, எல்லாம் சும்மா சவாரி வருது பாருங்க!" மறுமுனையில் ஜாபர் அண்ணன் துணியின் வாலைக் கட்டிப் பிடித்து மேசை மேல் குப்புற விழுந்தார். துணி அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது.

பிறகு எல்லாம் ஓரத்துக்கு வந்தன.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. எவர்சில்வர் தாம்பாளங்கள் ஒவ்வொன்றாக சிமெண்ட் தரையில் விழுந்து, சுழன்று, அடங்க வெகு நேரம் ஆனது.  தரையில் மலை போலக் குவிந்த வெள்ளைத் துணியில் காபி நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. குங்குமம் அதன் மேல். ஜாங்கிரிப் பாகு அதற்கும் மேல். ஒரு வாழைப்பழம் உருண்டு போய் மோகனின் ஸ்டூலடியில் நின்றது.

யாராவது ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால், "சன்மைக்காங்கறதால உராய்வு கொஞ்சம் கம்மி" என்றேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, "வெள்ளை" என்று மட்டும் சொன்னார். சிவப்பாக இருந்தால் பரவாயில்லை, கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. வெள்ளை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷிப்மென்ட் போனது. அப்பாவின் பேர் போனது. வந்த வரன்களிலேயே என்ன படிப்பு என்று கேட்ட ஒரே குடும்பமும் இனி போகப் போகிறது. அதோடு என் ஆராய்ச்சியும். எல்லாவற்றையும் நானே, கைதட்டிக்கொண்டே, மேசையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறேன். நேராகப் போய் காஜா மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். அவமானம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். 

மெஷின் இடுக்கு வழியாக வெளியே நடப்பது தெரிந்தது. மோகனின் அப்பா எழுந்தார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குவியலின் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கறை படாத ஒரு முனையைக் கண்டுபிடித்து, மறுபடியும் இரண்டு விரலால் தேய்த்தார்.

"ஏனுங்க, இது என்ன ஜிஎஸ்எம்மு?"

அப்பா துணியின் எடைக் கணக்கைச் சொன்னார். அழுகிற குரலில் சொன்னார்.

"டயா?"

துணிக் குழாயின் அகலத்தையும் சொன்னார்.

"நம்மகிட்ட இதே நூல் கவுன்ட்டுல சாயம் போடாத கிரே துணி கெடக்குதுங்க. வேற பார்ட்டி ஹோல்டு பண்ணுனது. இன்னைக்கு டையிங்குக்கு ஏத்துனா நாளைக்கு மத்தியானம் வெள்ளையாக் குடுத்துரலாம். உங்க அப்ரூவ்டு ஸ்வாட்ச் இருக்குதுங்களா?"

அப்பா அட்டைப்பெட்டியிலிருந்து எழுந்தார். அந்த எழுச்சியை நான் மறக்கவே மாட்டேன். கோமாவில் இருந்தவர் எழுவது போல எழுந்து, பையர் ஒப்புக்கொண்ட அந்த மாதிரித் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இருவரும் ஜன்னல் பக்கம் போய் வெள்ளையில் இருக்கும் பல வெள்ளைகளைப் பற்றி ஆழமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெண் என்று ஒருத்தி இருந்ததையோ, அவள் காணாமல் போனதையோ இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மோகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜாபர் அண்ணனைத் தூக்கிவிட்டார். பிறகு மெஷினைச் சுற்றி வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று, முதன்முதலாக என்னிடம் பேசினார். "ஏனுங்க, எத்தனை முழம் தொங்குனப்ப நகந்துச்சு?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அளக்கலீங்க" என்றேன்.

"அளந்திருக்கலாம்" என்றார், உண்மையான வருத்தத்தோடு. எனக்கு அழுகை நின்றுவிட்டது.

அவருக்குப் பின்னாலேயே அவருடைய அம்மா வந்தார். புடவை நுனியில் காபி. என் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"அது கெடக்குது உடு. நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலியே. அதுக்குள்ள எல்லாம் உழுந்துருச்சு. முட்டுன பொறவும் நம்ம நாடு எதுக்குப் போயிட்டிருக்குது?"

அந்த நிலைமையில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அதற்கும் தெம்பில்லை. "முழுசாத் தெரியாதுங்க. இங்க வடக்க முட்டுன எடத்துல பழைய கடல்தரை முன்னயே அறுந்து கீழ போயிருச்சும்பாங்க. அப்ப இழுக்கறது எதுன்னு பெரிய பெரிய ஆளுங்களே இன்னும் சண்ட போட்டுட்டிருக்காங்க. அதத்தான் படிக்கோணும்னு இருந்தேன்."

அவர் புடவை நுனியிலிருந்த காபியைப் பிழிந்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, "ஏனுங்க!" என்று கணவரைக் கூப்பிட்டார். ஷேடு பார்த்துக்கொண்டிருந்த மனிதர் திரும்பினார்.

"இந்த அம்முணி போய் மீதியப் படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லோணும். பாதியில உட்டா எனக்குத் தூக்கம் வராது. அதையும் பேசி முடிச்சுருங்க."

"செரி" என்றார் அவர், ஸ்வாட்சிலிருந்து முழுசாகக் கண்ணை எடுக்காமல். அப்பாவும் "செரிங்க" என்றார். என் முனைவர் பட்டம் அப்படித்தான், வெள்ளைத் துணியோடு சேர்ந்து ஒரே மூச்சில் அப்ரூவ் ஆனது. நான் பட்டினி கிடந்தும் நடக்காத காரியம்.

கல்யாணத் தேதியை இரண்டு ஷிப்மென்ட்டுகளுக்கு நடுவில் செருகினார்கள். தாலி கட்டும்போது அப்பா போனை அணைத்து வைத்திருந்தார் என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். (வைப்ரேஷனில்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.)

புதன்கிழமை லாரி நேரத்துக்கு ஏறிவிட்டது. ஆனால் கறைபட்ட துணி என்று ஒன்று மிஞ்சியதல்லவா? திருப்பூரில் துணியைத் தூக்கிப் போடுகிற வழக்கம் கிடையாது. மாமா, அதாவது மோகனின் அப்பா, அதை அலசிப் பார்த்தார். காபி போனது, குங்குமம் போகவில்லை. கடைசியில் எல்லாக் கறையையும் சமமாக மறைக்கிற ஒரு நிறத்தில் முக்கி எடுத்தார். காபிக்கொட்டை நிறம். ஜாபர் அண்ணனே முன்னின்று வெட்டினார். கொஞ்சம் பழி வாங்குவது போல ஆழ்ந்து வெட்டினார். எங்கள் இரண்டு குடும்பங்களிலும் சின்னது பெரியது என்று பாக்கியில்லாமல் எல்லோருக்கும் காபி நிற டீ-ஷர்ட், காபி நிற நைட்டி. பொங்கலுக்கு எல்லோரும் கூடி ஒரே வீட்டில் தூங்கினால் ஏதோ ஒரு மடத்துத் துறவிகள் போல இருக்கும். விஸ்கோஸ் லைக்ரா சீக்கிரம் நைந்துவிடும் என்பார்கள். இது நைய மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் நைய மாட்டேன் என்கிறது. சாப்பாட்டு மேசையில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் போதும். பருப்பு ஏன் பொங்குகிறது, மழை ஏன் பெய்யவில்லை, எதுவானாலும் சரி. மோகன் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ஓரம் தொங்குதுங்க" என்பார். உடனே எல்லோரும் அவரவர் தட்டைப் பிடித்துக்கொள்வார்கள். என் மகனுக்குப் பேச்சு வந்த புதிதில் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியம் அதுதான்.

ஆராய்ச்சி முடிந்து வாய்மொழித் தேர்வு வந்தது. அதற்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று தெரிந்ததும், எங்கள் வீட்டிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மகனுக்குப் போட்டிருந்தது மிச்சத் துணியில் தைத்த காபி நிற டீ-ஷர்ட். மோகனின் அம்மா, இப்போது என் அத்தை, முன்வரிசையில், தான் சொல்லி நெய்த துணியைப் பார்க்க வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தேர்வாளர்களுக்கு எதிரே நீள மேசை. அதன் மேல் வெள்ளை விரிப்பு; ஓரம் தாராளமாகத் தொங்கியது. விரிப்பின் மேல் பூச்சாடி, தண்ணீர், வெளியூர்த் தேர்வாளருக்கு மரியாதையாகக் கொண்டுவந்து வைத்த காபி.

நான் பேச ஆரம்பித்தேன். உள்ளே இருக்கிற சூடு, மேன்டிலின் சுழற்சி, மேட்டிலிருந்து வருகிற தள்ளு. எல்லாம் நன்றாகத்தான் போனது. "முட்டிய பிறகும் இந்தியத் தட்டு ஏன் வடக்கே நகர்கிறது என்ற கேள்வி எனக்கு முதன்முதலில்..." என்று தொடங்கியபோது கண் தானாக முன்வரிசைக்குப் போனது. வாக்கியத்தை முடித்துவிட்டு, "இனி, அமிழும் தட்டின் இழுவிசை" என்றேன்.

அத்தை எழுந்தார். மேடையேறி, தேர்வாளரின் காபி டம்ளரை மேசை ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் வைத்தார். பூச்சாடியையும் நகர்த்தினார். தொங்கிய விரிப்பை மேலே மடித்துப் போட்டார். தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க சார், நீங்க கேளுங்க" என்றார் அத்தை. "அம்முணி இப்பத்தான் இழுக்கற எடத்துக்கு வந்திருக்குது."